நாரைக் காட்டி வாங்கிய கிளிப்

என் மனைவிக்கு வலது கை விழுந்தது போன மாம்பூக் காலத்தில். விடிகாலை சுப்ஹுத் தொழுகையை முடித்துவிட்டு அடுப்படிக்குப் போனவள், பால் பாத்திரத்தை எடுக்க முடியாமல் அப்படியே சுவரில் சாய்ந்தாள். பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தோம். அல்லாஹ்வின் கிருபை, உயிருக்கு ஒன்றும் இல்லை. குழறிய பேச்சு தெளிந்தது. வலது காலை இழுத்து இழுத்து நடக்கத் தொடங்கினாள். கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து விரல் வரை அது அவளோடு ஒட்டிக்கொண்டிருந்த வேறு யாருடைய கையோ போலத் தொங்கியது.

ஒரு கையால் என்னென்ன முடியாது என்பதை வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டோம். இடது கையால் சாப்பிட வேண்டியிருக்கிறதே என்று முதல் நாள் அழுதாள். பிறகு கரண்டி பிடிக்கப் பழகினாள். சேலையை விட்டுவிட்டு நைட்டிக்கு மாறினாள். தலைமுடியைப் பற்றி மட்டும் நாங்கள் இருவருமே நினைத்துப் பார்க்கவில்லை. அவளுடைய அக்கா பத்து நாள் கூட இருந்து பின்னிவிட்டதால் அது ஒரு காரியமாகவே தெரியவில்லை. அக்கா ஊருக்குப் போன மறுநாள் காலையில், குளித்து முடித்த மனைவி ஈரத் துண்டோடு கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

முப்பத்தோரு வருடம் கூட வாழ்ந்தவன். முடி இடுப்புக்குக் கீழே வரும் என்று தெரியும். அதை அவள் எப்படிக் கட்டுகிறாள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. குளித்துவிட்டு அறைக்குள் போவாள், வெளியே வரும்போது தலையில் முக்காடு இருக்கும். முக்காட்டுக்குள் நடந்ததெல்லாம் அவளுக்கும் அந்தக் கண்ணாடிக்கும் மட்டுமே தெரிந்தது.

முதலமடையில் எனக்குக் கயிறு, சாக்கு, மாங்காய்க் கூடை விற்கிற கடை. என் கடையில் கட்டிய மூட்டை வழியில் அவிழ்ந்தது என்று எவரும் வந்து சொன்னதில்லை. அந்தத் தைரியத்தில் சீப்பை எடுத்தேன். நன்றாகக் காயட்டும் என்று காத்திருந்து, காய்ந்த பிறகு உச்சியிலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தேன். அவளுடைய முடி நேரானதும் இல்லை, சுருட்டையும் இல்லை. தண்ணீர் வற்றின ஆற்று மணலில் வரி வரியாக இருக்குமே, அப்படி வளைந்து வளைந்து போகும். காய்ந்தபின் சீவினால் அந்த வளைவுகள் எல்லாம் பிரிந்து, ஒவ்வொரு மயிரும் ஒரு பக்கம் எழும்பிக்கொண்டது. அடக்க அடக்கப் பெருத்தது. கடைசியில் கடையில் காகிதம் சுற்றுகிற ரப்பர் பேண்டைப் போட்டு இறுக்கினேன். மாலையில் அதைக் கழற்ற முடியவில்லை. முடி ரப்பரோடு சுற்றிக்கொண்டிருந்தது. பிளேடால் ரப்பரை அறுத்து எடுத்தேன். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இலவம் மூட்டையைப் பிரிச்சாப்ல இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னாள்.

கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் அந்த வாரம் வந்திருந்தாள். அம்மாவின் தலையைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"கழுத்தளவுக்கு வெட்டிட்டா ஒரு தொல்லையும் இல்லம்மா. எங்க ஊட்டுப் பக்கத்துல ஒரு அக்கா இருக்காங்க, ஊட்டுக்கே வந்து வெட்டுவாங்க."

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "உங்கத்தா கட்டிவுடுவாரு" என்றாள்.

"அத்தாவா? மாங்காய்க் கூடைக்குக் கட்டற மாதிரி கட்டி, மேல பேர் எழுதி லாரியில ஏத்திவுட்டுருவாரு."

மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் மனைவி முடியை வெட்டச் சம்மதிக்கமாட்டாள் என்பது எனக்கு அவள் கண்ணிலேயே தெரிந்தது. ரமலான் நோன்பு தொடங்குவதற்குள் நான் பழகிவிடுகிறேன், முடியாவிட்டால் வெட்டிக்கொள்ளலாம் என்று மகளிடம் தவணை கேட்டேன். நோன்புக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அந்த முடி அவள் தலையில் இருப்பதும் போவதும் என் இரண்டு கைகளில் இருக்கிறது என்று ஆகிவிட்டது.

அழகுக்காக அவள் கவலைப்படவில்லை. தொழுகைக்காகத்தான். எங்கள் பக்கத்துப் பெண்கள் தொழும்போது ஒரு வெள்ளைக் குப்பாயம் போடுவார்கள். தலையிலிருந்து கால் வரை மூடும், முகம் மட்டும் தெரியும். முடி வெளியே தெரிந்தால் தொழுகை கூடாது என்பதைச் சின்ன வயதில் கற்றதிலிருந்து அவள் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்தவள். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறாள். குனியும்போது நெற்றிப் பக்கத்து முடி வளைந்து வளைந்து குப்பாயத்துக்கு வெளியே வந்துவிடும். தொழுகையை முறித்துவிட்டு, இடது கையால் உள்ளே தள்ளி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஒரு நாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து நான் வீட்டுக்கு வந்தபோது அவள் நான்காவது முறையாகத் தொடங்கிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வையா கண்ணீரா என்று தெரியவில்லை.

நான் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் போய், தெரிந்தவர் ஒருவருக்கு இப்படி என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர். கைக்கு மீறினதை அல்லாஹ் மன்னிப்பான், முடி வெளியே வந்தால் உடனே மூடிக்கொண்டு தொழுகையைத் தொடரலாம், முறிக்க வேண்டாம் என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். வந்து அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"அவருக்கென்ன, தொப்பிக்குள்ள அடங்குற முடி" என்றாள். அடுத்த வேளையும் முறித்தாள்.

சரி, நல்ல கிளிப்பாக ஒன்று வாங்குவோம் என்று கொல்லங்கோட்டுக்குப் போனேன். பேன்சி ஸ்டோர் என்று எழுதின கடைக்குள் அதுவரை நான் கால் வைத்ததில்லை. சுவர் முழுக்கத் தொங்கியது. பல் வைத்தது, வில் வைத்தது, துணி சுற்றியது, முத்து ஒட்டியது. கடையில் நின்ற பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். பாதி மலையாளம் பாதி தமிழ்.

"ஆருக்கு இக்கா?"

"ஊட்டுக்காரிக்கும்மா."

"முடி எங்ஙன? நேரா, அலையா, சுருளா? நல்ல உள்ளுண்டோ?"

உள்ளு என்றால் அடர்த்தி. வளைந்து வளைந்து போகிற முடிக்கு அதில் எது பேர் என்று எனக்குத் தெரியவில்லை. கையால் இடுப்பைக் காட்டி நீளத்தைச் சொன்னேன். நீளத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, கனம்தான் தெரிய வேண்டும் என்றாள். போனில் போட்டோ இருந்தால் காட்டச் சொன்னாள். முக்காடு இல்லாமல் என் மனைவி இருக்கிற போட்டோ எங்கள் வீட்டில் கிடையாது. இருந்தாலும் கடையில் எடுத்து நீட்டுவேனா? ஒரு பெண்ணிடம்தானே காட்டுகிறேன் என்று மனம் சொன்னாலும், பக்கத்தில் கண்ணாடி வளையல் பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்றும் வாங்காமல் திரும்பினேன்.

மறுநாள் என் கடையில் உட்கார்ந்திருந்தபோது வழி தோன்றியது. தேங்காய் நார்க் கயிற்றை ஒரு முழம் வெட்டிப் புரி பிரித்தேன். முறுக்கு அவிழ்ந்த நார் அப்படியே வளைந்து வளைந்து நின்றது. என் மனைவியின் முடியேதான். வீட்டில் அவள் முடியை என் கைப்பிடியில் பிடித்துப் பார்த்த கனம் நினைவிருந்தது. அந்தக் கனத்துக்கு நாரைச் சேர்த்து, நுனியில் நூல் கட்டி, பையில் போட்டுக்கொண்டு மறுபடி கொல்லங்கோட்டுக்குப் போனேன்.

அந்தப் பெண் பையிலிருந்து நான் எடுத்ததைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதென்ன இக்கா, சகிரியோ?"

"நாருதாம்மா. முடி இதே மாதிரிதான் இருக்கும். இதுக்கு எது நிக்குமோ அதைக் கொடு."

சிரித்தாலும் மனசுள்ள பெண். நாரைக் கையில் சுற்றிக் கொண்டையாக்கி ஒவ்வொரு கிளிப்பாகப் போட்டுப் பார்த்தாள். பல் வைத்த பெரிய கிளிப் ஒன்று நண்டு மாதிரிக் கவ்வியது. நான் வாங்கி உதறிப் பார்த்தேன், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். அசையவில்லை. சந்தோஷத்தில் இரண்டு வாங்கினேன், ஒன்று கறுப்பு, ஒன்று தவிட்டு நிறம். பஸ்ஸில் வரும்போது இந்த விஷயத்தை முடித்துவிட்டோம் என்று அல்லாஹ்வைப் புகழ்ந்துகொண்டே வந்தேன்.

மாலை அஸர் தொழுகைக்கு அவள் கை, கால், முகம் கழுவி ஒளு செய்த பிறகு முடியைச் சுருட்டிக் கிளிப்பைப் போட்டுவிட்டு அடுத்த அறையில் நின்றேன். தொழுகையின் இரண்டாவது ரக்அத்தில் தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

நார் சொரசொரப்பு. எதைப் போட்டாலும் பிடிக்கும். முப்பது வருடம் தேங்காயெண்ணெய் குடித்த முடியில் அந்தப் பல் எங்கே நிற்கும்? கயிறு விற்கிறவனுக்குத்தான் இப்படி ஒரு கிறுக்குத்தனம் தோன்றும். கிளிப்பை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். நார் கொண்டுபோன கதையை அதற்குப் பிறகுதான் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கை விழுந்த பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான். "என்னைக் கட்டிப் போட்டு லாரியில ஏத்தத்தான் போறீங்க" என்றாள்.

அதன்பின் வாங்கினதெல்லாம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. உள்ளே பல் வைத்த ஹேர் பேண்ட் ஒன்று நெற்றி முடியை நன்றாகப் பின்னால் தள்ளியது. ஆனால் ஒளு செய்யும்போது ஈரக் கையால் தலையைத் தடவ வேண்டும். அப்போது பேண்டைக் கழற்ற வேண்டும். கழற்றினால் அது முடியை அள்ளிக்கொண்டு வரும், மறுபடி மாட்டும்போது எல்லாம் கலைந்திருக்கும். ஐந்து வேளை இந்தப் பாடு. நான் கடையில் இருக்கிற நேரம் அவள் ஒற்றைக் கையால் மாட்டப் பார்த்து, அது கண்ணுக்கு இறங்கி, அப்படியே உட்கார்ந்திருப்பாள். வாழைப்பழம் மாதிரி வளைந்த நீளக் கிளிப் ஒன்று முடியை விடவே இல்லை. ஆனால் நாற்காலியில் சாய்ந்தால் பிடரியில் குத்தியது, குப்பாயத்துக்குள் கூன் மாதிரி எழும்பி நின்றது. துணி சுற்றிய பெரிய ரப்பர் வலிக்கவில்லை, நிற்கவும் இல்லை.

இதற்கிடையில் நானும் சிலது கற்றுக்கொண்டேன். இந்த மாதிரி முடியைக் காய்ந்த பிறகு சீவக்கூடாது. ஈரம் முக்கால்வாசி இருக்கும்போது, நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே போக வேண்டும். அகலப் பல் சீப்புதான் வேண்டும். அவள் சொல்லச் சொல்லப் பழகினேன். அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்ததை வாயால் எப்படிச் சொல்வது? "இப்படி எடுத்து, இப்படி" என்று இடது கையைக் காற்றில் சுற்றுவாள். கூடவே வலது தோள் லேசாகத் துடிக்கும். அதைப் பார்க்க முடியாமல் சீப்பையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கடைசியில் நின்றது கொண்டை ஊசி. வளைத்த கம்பி, இரண்டு கால், அவ்வளவுதான். கொல்லங்கோட்டுப் பெண்தான் எடுத்துக் கொடுத்தாள். பின்னலைக் கழுத்துக்கு மேலே சுற்றி, இரண்டு பக்கமும் எதிரெதிராகச் செருகினால் வளைந்த முடி கம்பிக்குள் தானாகவே சுற்றிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. காதோரம் வழிகிற முடிக்கு இரண்டு சின்ன ஸ்லைடு. முதல் நாள் ஐந்து வேளையும் அசையவில்லை. ஒளுவுக்கு எதையும் கழற்ற வேண்டாம், முன்னந்தலையைத் தடவினால் போதும். அவள் ஒரே தடவையில் தொழுது முடித்து, நாற்காலியிலேயே உட்கார்ந்து நெடுநேரம் துஆ கேட்டாள். மகளுக்குப் போன் போட்டு, அத்தா பாஸாகிவிட்டார் என்று சொன்னாள். பதினோரு நாள் அப்படிப் போனது. அந்தப் பதினோரு நாளும் கடையில் நான் விசிலடித்துக்கொண்டு இருந்ததாகப் பக்கத்துக் கடைக்காரர் பிறகு சொன்னார்.

பன்னிரண்டாம் நாள் குப்பாயத்தைத் துவைக்க எடுத்தபோது, வலது காது இருக்கிற இடத்தில் உள்பக்கம் துருப்பிடித்த மாதிரி ஒரு கறை. தண்ணீரில் போட்டேன், சிவப்பாகக் கரைந்தது. உள்ளே போய் அவள் கொண்டையை அவிழ்த்தேன். வலது காதுக்குப் பின்னால் தோல் கிழிந்து, மேலே பொருக்குத் தட்டி, கீழே சீழ் வைத்திருந்தது. ஊசியின் கால் ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் போய்க் குத்தியிருக்கிறது.

"வலிக்கலியா?" என்று கேட்டேன்.

"எங்கீங்க?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் அவளுக்கு உணர்ச்சி குறைவு என்று டாக்டர் அன்றே சொல்லியிருந்தார். கையைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவளுக்கு வலிக்கவில்லை. அடர்ந்த முடி மூடியிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. நன்றாக நிற்கிறது என்று நான் விசிலடித்த நாளெல்லாம் அவள் தலைக்குள் கம்பியைச் செருகிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் புண்ணைச் சுத்தம் செய்ய அந்த இடத்தைச் சுற்றி முடியைக் கத்தரித்தார். உணர்ச்சி இல்லாத இடத்தில் கூர்மையான எதையும் வைக்கக்கூடாது, புண் ஆறுகிற வரையாவது முடியைக் குட்டையாக வைத்தால்தான் மருந்து போட முடியும் என்றார். யார் இப்படிச் செருகியது என்று கேட்டார். நான்தான் என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆட்டோவில் திரும்பினோம். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்த பிறகு மனைவி சொன்னாள்.

"வெட்டிருங்க. நீங்களே வெட்டுங்க. வெளியாளு வேண்டாம்."

"புண்ணு ஆறட்டும், வேற ஏதாச்சும் பாக்கலாம்."

"எத்தனை பாப்பீங்க?" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள். "உசுரு போயி மௌத்தானா குளிப்பாட்டி முடியை மூணு பின்னலாப் போடுவாங்க. எங்கம்மாவுக்கு நான்தான் போட்டேன். எனக்கு அது இல்லாமப் போயிருமேன்னுதான் இத்தனை நாளும் வேண்டாம்னேன்."

இவ்வளவு நாள் அவள் ஏன் சம்மதிக்கவில்லை என்று நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மறுபடி மூன்று பின்னலுக்கு வளர எத்தனை வருடம் ஆகும், அதற்குள் என்னவெல்லாம் நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? முடி வளரும் என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன்? நானும் அவளும் எவ்வளவு நாள் இருப்போம் என்பது எழுதினவனுக்குத்தான் தெரியும்.

பிஸ்மி சொல்லிக் கத்தரியை எடுத்தேன். நல்ல கத்தரிதான், ஆனாலும் அந்த முடி ஒரே வெட்டில் விடவில்லை. நறநறவென்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. அவள் கண்ணை மூடி ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். வெட்டின முடியை எங்கள் வழக்கப்படி வெளியே போடக்கூடாது, மண்ணில் புதைக்க வேண்டும். அதைத் துணியில் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், முருங்கைக்குப் பக்கத்தில் குழி வெட்டினேன். துணியோடு புதைக்க மனம் வராமல் பிரித்து வைத்தேன். மண்ணைத் தள்ளினால் ஒரு பக்கம் எழும்பியது. அந்தப் பக்கம் அமுக்கினால் இந்தப் பக்கம் வளைந்து வெளியே வந்தது. கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மண்ணைப் போட்டேன். சின்னக் குழிக்கு நேரம் நிறையப் பிடித்தது.

கை கழுவிவிட்டு உள்ளே வந்தபோது அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். நான் ஊற்ற ஊற்ற அவள் ஒளு செய்தாள். ஈரக் கையால் தலையைத் தடவினாள். நீளமாக இருந்தவரை தன் பாரத்தில் தொங்கிக்கொண்டிருந்த முடி, பாரம் போனதும் சுருண்டு மேலே ஏறிக்கொண்டது. கழுத்தளவு என்று வெட்டினது காது வரைக்கும் போய்விட்டது. நெற்றியிலும் கன்னத்திலும் வளையம் வளையமாக வந்து விழுந்தது. முன்பு ஒரு பக்கம் வந்த முடி இப்போது எல்லாப் பக்கமும் வந்தது. வெட்டினால் தொல்லை தீரும் என்று சொன்ன ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

குப்பாயத்தைப் போட்டுவிட்டேன். ஓரத்தில் எட்டிப் பார்த்த முடியை விரலால் உள்ளே தள்ளினேன். வந்தது. தள்ளினேன். வலது பக்கம் ஸ்லைடு வைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"நேரமாகுதுங்க. விடுங்க. அல்லாஹ் பாத்துக்குவான்" என்றாள்.

இடது கையை மட்டும் உயர்த்தித் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினாள். நான் டப்பாவை மூடாமல் அவளுக்குப் பின்னால் நின்றேன். குனிந்தபோது முடி வெளியே வந்தது. அவள் முறிக்கவில்லை.